பரிவலு கண்ட ஜேம்ஸ் வாட்

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்து நிற்போர் பலர். அருகே கட்டிக் கிடக்கும் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களில் பொறித்துள்ள எண்ணை ஊன்றி நோக்குவோர் மிகச் சிலரே. பதினைந்து, நாற்பது என அங்குக் காணும் எண்கள் பரிவலுவைக் குறிப்பன. கடல் கடந்து தீவில் இறங்கினால், வீட்டு விளக்கிலும் கூரைமேற் பதித்த சூரியத் தகட்டிலும் வேறோர் அளவு காணப்படும். அது வாட், நம் பாடநூல்கள் உவாற்று என எழுதுவதும் அதனையே. முன்னது ஆங்கில அளவை. பின்னது மெற்றிக் அளவை. இரண்டிற்கும் பின்னே நிற்பவர் ஒருவரே.

ஜேம்ஸ் வாட் 1736 ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் கிறீனொக் என்னும் துறைமுக ஊரிற் பிறந்தார். தந்தையார் கப்பற்றொழிலும் வணிகமும் நடத்தியவர். நோயுற்ற உடல்வாகினால் இளமைக் கல்வியின் பெரும்பகுதி வீட்டிலேயே கழிந்தது. 1755இல் லண்டன் சென்று, நுண்கருவிகள் செய்யும் தொழிலை ஓராண்டு பயின்று மீண்டார். ஏழாண்டுப் பயிற்சி பெறாதவர் என்று கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் சங்கம் அவருக்குக் கதவடைத்தது. அந்நகர்ப் பல்கலைக்கழகமே அவருக்குப் பட்டறை அமைக்க இடமளித்தது.

அங்கு, பழுதுற்ற நியூகொமன் நீராவி இயந்திர மாதிரியொன்று அவர் கைக்கு வந்தது. ஒவ்வோர் அசைவிலும் உருளையைக் குளிர வைத்து மீண்டும் சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாவதை அவர் கண்டார். நீராவியைத் தனிக் கலமொன்றிற் குளிர்விக்கும் எண்ணம் 1765இல் உதித்தது. 1769இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் வறுமை நீங்கவில்லை. கால்வாய்களுக்கு நில அளவை செய்து குடும்பம் காத்தார். 1773இல் மனைவியையும் இழந்தார். அடுத்த ஆண்டு பேர்மிங்காம் சென்று, 1775இல் மத்தியூ போல்டனுடன் கூட்டுச் சேர்ந்த பின்னரே வாழ்வு தளிர்த்தது.

இயந்திரத்துக்கு விலை கூறுவது எவ்வாறு? சுரங்கங்களிற் சிக்கல் இல்லை. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, மிஞ்சிய நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைப் பெற்றனர். குதிரை பூட்டிய ஆலைகளிலோ ஒப்பிடப் பழைய இயந்திரமே இல்லை. ஆகவே குதிரையையே அளவுகோலாக்கினார். பன்னிரண்டு அடி ஆரமுள்ள வட்டத்தை மணிக்கு 144 முறை சுற்றும் குதிரை 180 இறாத்தல் விசையுடன் இழுப்பதாகக் கொண்டார். பெருக்கிவந்த தொகையைச் சீராக்கி, நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் என வகுத்தார். நாள் முழுவதும் இவ்வாறு உழைக்கும் குதிரை அரிது. ஆயினும் வாங்குபவர் குறைகூற இடமிராத அளவு அது.

இங்கே வியப்புக்குரிய செய்தியொன்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் லவோசியே, லப்பிளாஸ் ஆகியோரின் சோதனை முடிவுகளைத் தம் நாட்டு முடிவுகளோடு ஒப்பிட முயன்ற வாட், நாட்டுக்கு நாடு மாறுபட்ட நிறையளவுகளால் அல்லலுற்றார். 1783இல் ரிச்சார்ட் கேர்வனுக்கு எழுதிய கடிதத்தில், எல்லா அறிஞரும் பத்துப் பத்தாகப் பிரிக்கும் பொது அளவையைக் கைக்கொள்ள வேண்டுமெனக் கோரினார். பிரான்சில் மெற்றிக் முறை சட்டமாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர் எழுந்த குரல் அது.

1819 ஓகஸ்ட் 25இல் அவர் மறைந்தார். 1882இல் வில்லியம் சீமன்ஸ் வலுவின் அலகுக்கு அவர் பெயரை முன்மொழிந்தார். அவரே வகுத்த குதிரையை அவர் பெயர் பூண்ட அலகாக மாற்றும் வேலை நமக்கு வந்து சேர்ந்தது.

மாற்றுவது எளிது. ஓர் இறாத்தல் எடை 4.448 நியூற்றன்; ஓர் அடி 0.3048 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் 1.356 யூல். நிமிடத்துக்கு 33,000 என்பது வினாடிக்கு 550. அதனாற் பெருக்க, ஒரு பரிவலு 745.7 வாட். ஐரோப்பாவில் வழங்கும் மெற்றிக் பரிவலுவோ 735.5 வாட்தான். அரைப் பரிவலுவில் இவ்வேற்றுமை ஐந்து வாட். நாற்பதில் நானூறு வாட்டைத் தாண்டும்.

கிணற்று நீர் இறைக்கும் அரைப் பரிவலு மோட்டார் 373 வாட் தருவது. இது அச்சிற் கிடைக்கும் வலு. வெப்பமாகக் கழிவதையும் சேர்த்தால், அது உண்ணும் மின்வலு இதனினும் மிகுதி. 373 என்ற எண்ணை மட்டும் நம்பிச் சூரியத் தகடு வாங்குபவரின் மோட்டார், தொடக்கத்திலேயே திணறி நின்றுவிடும்.

நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றாலும் கதிரவனாலும் மின்னளிக்க, இந்திய நன்கொடையுடன் 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதிற் கண்ட சூரிய வலு 1,700 கிலோவாட். வாட் வகுத்த குதிரைகளில் ஏறத்தாழ 2,280. வள்ளத்தின் இலக்கத்தையும் தகட்டின் இலக்கத்தையும் ஒரே கணக்கில் நிறுத்திப் பார்க்க நம் மாணவர் பழகுவாராயின், 1783இல் அம்மனிதர் பட்ட அல்லல் வீணாகாது.