டிகிரி இல்லை, எக்ஸாமில் ஃபெயில்… ராமானுஜன் எப்படி வேலை கேட்டு எழுதினார்?

கையில் டிகிரி இல்லை. எஃப்.ஏ. தேர்வில் ஃபெயில். வயது 24, கல்யாணமும் ஆகிவிட்டது. 1912-ல் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்த சீனிவாச ராமானுஜனின் நிலைமை இதுதான். அவர் எழுதிய சில கடிதங்கள்தான் அடுத்த இரண்டே ஆண்டுகளில் அவரை கேம்பிரிட்ஜ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. வேலைக்கு மெயில் தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் நிறையவே விஷயம் இருக்கிறது.

கணக்கு மட்டும் போதவில்லை

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், வளர்ந்தது கும்பகோணத்தில். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. அதனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை கைவிட்டுப் போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஆதரவு தேடி அலைந்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஆனால் அடுத்தவர் தயவிலேயே காலம் தள்ள ராமானுஜனுக்கு விருப்பமில்லை.

ஒரே பத்தி, ஒரு இணைப்பு

1912 பிப்ரவரி 9. சென்னை போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் எழுதினார். மொத்தமே சில வரிகள்தான். கிளார்க் வேலை காலியாக இருப்பது தெரிந்து விண்ணப்பிப்பதாக முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, சூழ்நிலையால் படிப்பைத் தொடர முடியாமல் போனது, அதன்பிறகு முழு நேரமும் கணிதத்தில் செலவிட்டது எல்லாம் அடுத்தடுத்து வந்தன. கொடுக்கும் வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு கடிதம் முடிந்தது.

படிப்பு பாதியில் நின்றதை அவர் மறைக்கவில்லை. அதற்காகப் புலம்பவும் இல்லை. அந்த இடைவெளியில் என்ன செய்தார் என்பதை மட்டும் சொன்னார். கூடவே, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்தார். மார்ச் 1-ம் தேதி, 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

ஆளைப் படித்துவிட்டு எழுதியது

அடுத்த இலக்கு, தன் கணிதத்தைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆள். பேக்கர், ஹாப்சன் என்று கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதினார். உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16-ல் மூன்றாவதாக ஜி.எச்.ஹார்டிக்கு எழுதினார்.

தான் ஒரு கிளார்க், சம்பளம் குறைவு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று நேராகவே தொடங்கினார். பிறகு ஹார்டி எழுதிய ஒரு நூலின் 36-ம் பக்கத்தைக் குறிப்பிட்டு, அங்கே விடையில்லை என்று சொல்லப்பட்ட பகா எண்கள் பற்றிய கேள்விக்குத் தன்னிடம் விடை இருப்பதாகச் சொன்னார். சுமார் 120 தேற்றங்களையும் சேர்த்து அனுப்பினார். அவற்றில் மதிப்பு இருந்தால் வெளியிட உதவ வேண்டும் என்பதே கோரிக்கை.

பகா எண் பற்றி அவர் சொன்னது தவறு என்று பின்னால் தெரியவந்தது. ஆனாலும், இணைத்திருந்த மற்ற தேற்றங்கள் ஹார்டியை அசரவைத்தன. சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டுடன் சேர்ந்து அவற்றை ஆராய்ந்த ஹார்டி, பிப்ரவரி 8-ல் நிரூபணங்கள் கேட்டுப் பதில் எழுதினார்.

என்ன வேண்டும் என்று கேட்டார்

பதில் வந்த சந்தோஷத்தில் வெறும் நன்றியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மூளை வேலை செய்ய முதலில் வயிறு நிறைய வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, உதவித்தொகை பெறத் துணையாக ஆதரவாக ஒரு கடிதம் வேண்டும் என்று பிப்ரவரி 27-ல் கேட்டார். அந்த மே மாதமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதிலேயே காலமானார்.

இன்று மெயில் எழுதும்போதும் இதே நான்கு விஷயங்களைப் பார்க்கலாம். எந்த வேலை என்பது முதல் வரியிலேயே இருக்கிறதா? படிப்பிலோ வேலையிலோ விழுந்த இடைவெளிக்கு ஒரு வரியில் நேர்மையான விளக்கம் இருக்கிறதா? செய்த வேலைக்குச் சான்று இணைத்தாயிற்றா? பெறுபவர் யார் என்று தெரிந்து எழுதியிருக்கிறதா?

இவ்வளவும் இருந்தும் பதில் வராமல் போகலாம். ராமானுஜனுக்கே கேம்பிரிட்ஜில் மூன்றாவது ஆளிடம்தான் கதவு திறந்தது.