இரவில் ரத்தம் பார்த்த டாக்டர் மான்சன்

திருவண்ணாமலை வட்டாரத்தில் யானைக்கால் நோய் பரவியிருந்த ஊர்களில், சுகாதார ஊழியர்கள் இரவில்தான் வந்து கதவைத் தட்டுவார்கள். விரலில் ஊசியால் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக் கொள்வார்கள். பகலில் வந்தால் ஆகாதா? ஆகாது! அதைக் கண்டறிந்தவர் டாக்டர் பாட்ரிக் மான்சன்.

இவர் 1844-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். டாக்டராகி, 1866-ல் பார்மோசா தீவுக்கு வேலைக்குப் போனார். பிறகு சீனாவில் ஆமாய் துறைமுகத்துக்கு மாறினார். அங்கே வீங்கிய கால்களோடு பலர் அவரைத் தேடி வந்தனர். நோயின் காரணம் மட்டும் புரியவில்லை.

1872-ல் கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் மனித ரத்தத்தில் நூல் போன்ற புழுக்குஞ்சுகளைக் கண்டிருந்தார். லீவில் லண்டன் போனபோது மான்சன் இதைப் படித்தார். ஆமாய் திரும்பியதும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்து விட்டார்.

அவருக்கு இரண்டு உதவியாளர்கள். ஒருவர் பகலில் ரத்தம் பார்த்தார், மற்றவர் இரவில். இரவுக்காரர் கணக்கில் புழுக்கள் ஏராளம். பகல்காரர் கணக்கில் சொற்பம். வேறொருவராக இருந்தால் பகல்காரரைச் சோம்பேறி என்று திட்டியிருப்பார். மான்சன் திட்டவில்லை. ஒரே நோயாளியின் ரத்தத்தை இரவும் பகலும் மாறி மாறிப் பார்த்தார். பொழுது சாய்ந்ததும் குஞ்சுகள் ரத்தத்தில் வந்தன. நடுநிசியில் பெருகின. விடிந்ததும் மறைந்தன. பகலில் அவை நுரையீரலில் ஒளிந்திருந்தன!

புழு உள்ள ஒருவருக்குக் காலும் வீங்காமல், காய்ச்சலும் வராமல் இருக்கலாம். நன்றாகவே நடமாடுவார். ஆனால் அவரைக் கடிக்கும் கொசு, அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டு போகும். பகல் சோதனையில் இத்தகையவர் தப்பி விடுவார்.

கொசுவின் உடலில் குஞ்சு வளர்வதை 1877-ல் மான்சனே கண்டார். கொசு விழுந்த தண்ணீரைக் குடித்தால் நோய் வரும் என்று அவர் எண்ணியது மட்டும் தவறு. கொசுக்கடியே காரணம் என்பது 1900-ல் தெளிவாயிற்று. மலேரியாவை ஆராயும்படி ரொனால்டு ராஸை ஊக்கியவரும் மான்சன்தான். 1922-ல் அவர் காலமானார்.

இப்போது அட்டைச் சோதனை வந்துள்ளது. உடலுக்குள் இருக்கும் பெரிய புழுவின் கசிவை அது கண்டுபிடிக்கும். பகலிலும் செய்யலாம், 10 நிமிடம் போதும். ஆனால் அட்டையில் கோடு தெரிந்தவரின் ரத்தத்தில் குஞ்சுகள் ஓடுகின்றனவா என்று பார்க்க, இன்றும் இரவில்தான் போக வேண்டும்.