யோபுவின் கதை கேட்ட அரண்மனை அதிகாரி

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கரும்பும் மண்பானையும் குவிந்திருக்கும் பொங்கல் நேரத்தில், ஜனவரி 14-ஆம் தேதி, கத்தோலிக்கத் திருச்சபை குமரி மண்ணின் மைந்தர் ஒருவரை நினைவுகூர்கிறது. அவர் குருவானவரும் அல்லர், துறவியும் அல்லர். மனைவி, வேலை, கவலை என எல்லாம் இருந்த ஒரு பொதுநிலையினர். அவரே மறைசாட்சி புனித தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ஆம் தேதி உயர்குடி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அதிகாரியாகப் பணியாற்றினார்.

வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது துன்பங்கள் வரிசையாக வந்தன. கால்நடைகள் மடிந்தன. பயிர் பொய்த்தது. சொத்து கரைந்தது. தோட்டத்தில் மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்த வலி சொல்லாமலே புரியும்.

மனம் உடைந்திருந்தவருக்குத் துணையாக வந்தவர் டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி அவர். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத யோபுவின் கதையை நண்பருக்கு எடுத்துச் சொன்னார். நீலகண்டனின் வாழ்க்கை அங்கே திரும்பியது. 1745 மே 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

கேட்ட இறைவார்த்தையை அவர் கோயிலுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என ஒதுக்கப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். மதம் மாறியதைவிட இதுவே பலருக்குப் பொறுக்கவில்லை எனலாம். 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள், அடித்துத் துன்புறுத்தினார்கள். பெருவிளையில் மரத்தில் கட்டிப்போட்டார்கள். அங்கும் அவர் செபிப்பதை விடவில்லை. காணவந்த மக்களுக்கு ஆறுதலும் சொன்னார்.

1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழியின் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

2012-இல் அருளாளராக உயர்த்தப்பட்ட அவரை, 2022 மே 15-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டது. சாதி பாராமல் வாழ்ந்தவருக்கு அதுவே பொருத்தமான மரியாதை.

யோபு இழந்ததையெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றார் என்கிறது திருவிவிலியம். தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பவில்லை. பதவி போனது, ஊர் போனது, கடைசியில் உயிரும் போனது. கேட்டது கிடைத்தால்தான் செபம் பலித்தது என்று நினைப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை வேறொரு விடை தருகிறது.

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வேலை முடிந்து வந்து, அன்பியக் கூட்டங்களில் அண்டை வீட்டாரோடு அமர்ந்து விவிலியம் வாசிக்கும் குடும்பங்கள் உண்டு. தேவசகாயத்துக்கும் இறைவார்த்தை அப்படித்தான் வந்தது, கஷ்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நண்பரின் வாய்வழியாக.