நா. கோவிந்தசாமி: கீபோர்டுக்குள்ள ஒரு தமிழ் வாத்தியார்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு டெஸ்க்டாப் ஆப். கணபதி பக்கம் மோட்டார் காயில் கட்டுற ஒரு சின்னக் கடைக்காக செய்யறோம். அன்னூர், சூலூர்னு சுத்துப்பட்டுல இருந்து எரிஞ்சு போன பம்ப் மோட்டாரைக் கொண்டு வந்து அங்க போடுவாங்க. யாரோட மோட்டார், எத்தனை எச்.பி., பேரிங் மாத்தணுமா, அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல எழுதி வைக்கிறாங்க. அந்த நோட்டை ஸ்க்ரீனுக்குக் கொண்டு வரணும், அதுவும் முழுசா தமிழ்ல இருக்கணும். கடைக்கார அண்ணன் போட்ட ஒரே கண்டிஷன் அதுதான்.

நாங்க ஆசைப்பட்டு எடுத்தது இன்னும் ப்ரிவியூ நிலையில இருக்கிற ஒரு யூஐ ஃப்ரேம்வொர்க். பட்டன், டேபிள், டார்க் மோட் எல்லாம் சூப்பர். ஆனா டெக்ஸ்ட் பாக்ஸ்ல தொண்டாமுத்தூர்னு அடிச்சா, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்குது. பேக்ஸ்பேஸ் தட்டினா அனாதையான கொம்பு புள்ளி புள்ளியா ஒரு வட்டத்தோட முழிக்குது. ப்ரிவியூன்னா அப்படித்தான். முழுசா முடியலைன்னு சொல்லியே கொடுக்கிறாங்க. ஓட்டிப் பார்த்து, குறை சொன்னா, அடுத்த ரிலீஸ்ல சரி பண்ணுவாங்க.

இதுக்கு வழி தேடினப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு. தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள்ள எப்படித்தான் போகுது? யார் முடிவு பண்ணினது? அப்படித் தேடிப் போன இடத்துல வந்த பேர்தான் நா. கோவிந்தசாமி. தமிழ்க் கணினி உலகத்துல அவரைத் தெரியாதவங்க கிடையாது. எங்க லேப்ல மட்டும் ஒருத்தருக்கும் தெரியல, என்னையும் சேர்த்து.

வாத்தியார், எழுத்தாளர்

1946 ஏப்ரல் 18-ஆம் தேதி சிங்கப்பூர்ல பிறந்தவர். இன்ஜினியர் இல்ல, தமிழ் வாத்தியார். பின்னாடி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற தேசியக் கல்விக் கழகத்துல தமிழ் விரிவுரையாளரா இருந்தார். அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்த நிறுவனம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்துல பெயர் சொல்ற சிறுகதை எழுத்தாளரும்கூட. தென்கிழக்காசிய எழுத்து விருது வாங்கினவர்.

சிங்கப்பூர்ல தமிழ் நாலு ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. ஆனா பேசறவங்க எண்ணிக்கை குறைவு. இங்க்லீஷும் சீனமும் கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு தமிழ் மட்டும் வெளிய நின்னா, அடுத்த தலைமுறைப் பசங்க தமிழை வீட்டுக்குள்ள மட்டும் வெச்சுக்குவாங்க. கிளாஸ்ல தினமும் நிக்கிற ஒரு வாத்தியாருக்கு அது தெரியாம இருக்காது. இங்க்லீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு இது நல்லாவே புரியுது. நான் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் தமிழை டைப் பண்ணதே இல்ல. டைப் பண்ண ஆரம்பிச்சப்பவும் இங்க்லீஷ் எழுத்துலதான்.

ஆளாளுக்கு ஒரு எழுத்துரு

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. 8 பிட், அதாவது மொத்தம் 256 இடம். அதுக்குள்ள தமிழ் எழுத்தை எந்த எண்ணுல வைக்கறதுன்னு பொதுவா ஒரு முடிவும் இல்ல. ஒவ்வொரு மென்பொருள் செய்யறவரும் தன் இஷ்டத்துக்கு வெச்சுக்கிட்டார். ஒரு கம்ப்யூட்டர்ல அடிச்ச கடிதத்தை, அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டர்ல திறந்தா கன்னாபின்னான்னு குறியீடுகள் வரும்.

டைப் அடிக்கறதும் ஆளுக்கு ஒரு விதம். பழைய டைப்ரைட்டர் முறையில எழுத்தோட உருவத்தை அடிக்கணும். கொ வேணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரியற வரிசை அது. வாய் சொல்ற வரிசை வேற. இன்னொரு பக்கம் நம்ம தங்க்லீஷ் முறை. தமிழ்ல நினைச்சு, மனசுக்குள்ள இங்க்லீஷ் எழுத்தா மாத்தி, அடிச்சு, மறுபடி தமிழாப் பார்க்கணும்.

கோவிந்தசாமி உருவாக்கின மென்பொருளோட பேர் கணியன். கணிக்கிறவன்னு அர்த்தம். கேட்டதும் புறநானூற்றுக் கணியன் பூங்குன்றனார் ஞாபகத்துக்கு வருவார். அந்த மென்பொருளோட தமிழுக்குன்னு ஒரு விசைப்பலகை அமைப்பையும் கொண்டு வந்தார்.

1995: இணையத்துல நாலு மொழிக் கவிதை

1995 அக்டோபர்ல சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் ஒரு இணையதளத்தைத் தொடங்கி வெச்சார். சிங்கப்பூர்க் கவிதைகளை இங்க்லீஷ், சீனம், மலாய், தமிழ்னு நாலு மொழியிலயும் காட்டின தளம். விண்டோஸ் 95 வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்த நேரம். உலாவிகளுக்குத் தமிழ்னு ஒரு மொழி இருக்கறதே தெரியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல டான் டின் வீ தலைமையில இருந்த இணைய ஆராய்ச்சிக் குழுவோட சேர்ந்து கோவிந்தசாமி தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கினார். இணையத்துல தமிழ் தமிழ் எழுத்தாவே தெரிஞ்ச ஆரம்பப் பக்கங்கள்ல அதுவும் ஒண்ணு. அதே குழுவுல இருந்த லியோங் கோக் யோங்கோட சேர்ந்து தமிழ்வெப்னு ஒரு தளத்தையும் நடத்தினார்.

அதை அன்னிக்கு எத்தனை பேர் பார்த்திருப்பாங்க? இண்டர்நெட் வெச்சிருந்த தமிழர்களே கொஞ்சம் பேர்தான். ஆனா இணையத்துல தமிழ் வரும்னு செஞ்சு காட்டியாச்சு.

அடுத்து, தனித்தனியா வேலை செஞ்சுட்டு இருந்தவங்களை ஒரே ரூமுக்குள்ள கூட்டணும். 1997 மே மாசம் சிங்கப்பூர்ல தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது. முன்ன நின்னு நடத்தினவர் இவர்தான். ஒரே மொழிக்கு இத்தனை குறியீடு, இத்தனை கீபோர்டு தாங்காது, பொதுவா ஒண்ணு வேணும்ங்கிற பேச்சு அதுல இருந்து வேகம் எடுத்தது.

31 சாவி

1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99. தமிழ்நாடு அரசே நடத்தின மாநாடு. அங்கதான் ஒரு பொதுக் கீபோர்டு முன்வைக்கப்பட்டது. இன்னிக்கு நாம தமிழ்99-னு சொல்றது அதைத்தான். அதுக்கு அடித்தளமா இருந்தது கோவிந்தசாமியோட விசைப்பலகை.

அதோட டிசைனை நம்ம பாஷையில சொல்றேன். தமிழ்ல 247 எழுத்து. 247 பட்டன் வைக்க முடியாது. ஆனா தமிழ் இலக்கணமே இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு. உயிர் 12, மெய் 18, மீதி எல்லாம் சேர்க்கை. ஆக 12 உயிர், 18 மெய், புள்ளி ஒண்ணு. மொத்தம் 31 சாவி. இங்க்லீஷ் கீபோர்டுல இருக்கிற 26 எழுத்தோட பக்கத்துல இருக்கிற அஞ்சு குறியீட்டுச் சாவியைச் சேர்த்தா கணக்கு சரியா முடியுது. ஷிஃப்ட் அழுத்த வேண்டியது ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துக்கும்தான்.

உயிர் எல்லாம் இடது கைக்கு. மெய் கிட்டத்தட்ட எல்லாம் வலது கைக்கு. அ, இ, உ இடது விரல்களுக்கு அடியிலயும், க, ப, ம, த வலது விரல்களுக்கு அடியிலயும் நடு வரிசையில இருக்கு. மெய், உயிர், மெய், உயிர்னு வர்றதுதான் தமிழ்ச் சொல்லோட நடை. அதனால வலது, இடது, வலது, இடதுன்னு கை மாறி மாறிப் போகும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது புள்ளி தானா விழறது. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துடும். ம அடிச்சு ப அடிச்சா ம்ப. ங அடிச்சு க அடிச்சா ங்க. கோயம்புத்தூர்னு அடிக்க க, ஓ, ய, ம, ப, உ, த, த, ஊ, ர, புள்ளி. 11 தட்டு. நடுவுல வர்ற ரெண்டு புள்ளியை நாம தொடவே இல்ல. எந்த மெய்க்குப் பின்னாடி எந்த மெய் வரும்னு மொழி ஏற்கனவே முடிவு பண்ணி வெச்சிருக்கு, கீபோர்டு அதைக் கேட்டு நடக்குது. இலக்கண கிளாஸ்ல இன எழுத்துன்னு தூங்கிட்டே கேட்டமே, அதேதான். யூஐ டிசைனுக்கு முதல்ல யூசரைத் தெரிஞ்சுக்கோன்னு நமக்கு ஒரு முழு யூனிட் சிலபஸ்ல இருக்கு. இந்தக் கீபோர்டுல அதுக்கு மேல ஒரு படி, யூசரோட மொழியையே தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

18 நாள்

சென்னை மாநாட்டுல வந்தது உடனே சட்டம் ஆகல. கீபோர்டோட டாம், டாப்னு ரெண்டு குறியீட்டு முறையும் வந்தது. டாம் தமிழ் மட்டும், டாப் தமிழும் இங்க்லீஷும் சேர்ந்தது. இதையெல்லாம் கொஞ்ச காலம் பயன்படுத்திப் பார்த்து, குறை சொல்லி, அப்புறம் அரசாணை போடலாம்னு விட்டாங்க. நம்ம பாஷையில பக்கா ப்ரிவியூ ரிலீஸ்.

அந்த இடைவெளியில, 1999 மே 26-ஆம் தேதி, கோவிந்தசாமி காலமானார். வயசு 53. ஜூன் 13-ஆம் தேதி தமிழ்நாடு அரசோட ஆணை வந்தது. நடுவுல 18 நாள்.

இதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். ப்ரிவியூ வரைக்கும் கூட இருந்தவர் ஸ்டேபிள் ரிலீஸைப் பார்க்கல.

கோயம்புத்தூர், 2010

அப்புறம் என்ன ஆச்சு? டாம், டாப் ரெண்டும் நிலைக்கல. 1991-லயே யூனிகோட் முதல் பதிப்புல தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000-ல இருந்து கம்ப்யூட்டர்களும் அதைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சது. எட்டு பிட்டுக்குள்ள போட்ட சண்டை எல்லாம் மெல்ல அர்த்தம் இழந்தது. கடைசியில தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்ட தேதி 2010 ஜூன் 23. நம்ம ஊர் கொடிசியாவுல செம்மொழி மாநாடு தொடங்கின நாள். தமிழ் இணைய மாநாடும் அதோட சேர்ந்தே நடந்தது. நாங்க அப்ப ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட். ஊரெல்லாம் கூட்டம்னு மட்டும்தான் ஞாபகம்.

1999-ல ஒண்ணா வந்ததுல குறியீடுகள் போயிடுச்சு, கீபோர்டு நிக்குது. விண்டோஸ்ல, மேக்ல, லினக்ஸ்ல, போன்ல இன்னிக்கும் தமிழ்99 இருக்கு. அடியில இருந்த எண் எல்லாம் மாறினப்புறமும் விரல் தட்டற இடம் மாறல. குறியீடு அந்தக் காலத்து மெஷினோட அளவுக்கு வெட்டித் தெச்ச சட்டை. மெஷின் வளர்ந்ததும் பத்தாம போச்சு. கீபோர்டை அளந்தது மொழியோட அளவுக்கும் கையோட அளவுக்கும். அந்த ரெண்டும் இந்த இருபத்தஞ்சு வருஷத்துல பெருசா மாறல.

எங்க ப்ராஜெக்ட்

இதுக்கப்புறம் நாங்க ஒரு முடிவு எடுத்தோம். ப்ரிவியூவைத் தூக்கிப் போடல. டேபிள், டார்க் மோட் அப்படியே இருக்கட்டும். ஆனா அண்ணன் கை வைக்கிற இடம், அதாவது பேரும் ஊரும் அடிக்கிற டெக்ஸ்ட் பாக்ஸ், அதை மட்டும் பழைய ஸ்டேபிள் கண்ட்ரோலுக்கு மாத்திட்டோம். தோற்றம் கொஞ்சம் பழசுதான். தொண்டாமுத்தூர் இப்ப ஒழுங்கா வருது. ப்ரிவியூல பார்த்த குறையை ஸ்க்ரீன்ஷாட்டோட எழுதி அனுப்பியும் ஆச்சு. யாராவது ஒருத்தர் சொன்னாத்தானே அது ஸ்டேபிள் ஆகும்.

நீங்களும் ஒரு தடவை ட்ரை பண்ணுங்க மக்களே. விண்டோஸ் செட்டிங்ஸ்ல மொழிக்குள்ள போய் தமிழைச் சேர்த்து, கீபோர்டுல தமிழ்99-ஐ எடுங்க. முதல் ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும், ஒரு எழுத்துக்கு அஞ்சு செகண்ட் தேடுவீங்க. நானும் தேடினேன். இந்தக் கட்டுரையில முதல் பாதி தங்க்லீஷ் முறையில அடிச்சது. 31 சாவியில இருந்து கீழ எல்லாம் தமிழ்99. ஸ்பீடு இன்னும் வரல. ஆனா கோயம்புத்தூர்னு அடிக்கறப்ப இப்ப கீழ குனிஞ்சு பார்க்கிறது இல்ல.