வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல் வரை

சென்னையிலிருந்து டெல்லி போகிற ரயில்கள் விஜயவாடா, கம்மம் கடந்ததும் தோர்ணக்கல் என்கிற ஜங்ஷனைத் தாண்டிப் போகும். நிலக்கரிப் பகுதியான கொத்தகூடம் பக்கம் கிளைப்பாதை பிரிகிற இடம் என்றுதான் நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்கு அந்த ஊரைத் தெரியும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில் பிறந்த ஒரு தமிழர் அங்கே போய் 35 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அங்கேயே மண்ணுக்குள் போனார் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தெரியவில்லை. அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர்.

கல்லூரி மலருக்கு ஏன்டா ஒரு பேராயரைப் பற்றி எழுதுகிறாய் என்று உடன் படித்த நண்பன் போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். புதுசாக வருகிற ஆளை ஒரு கூட்டம் எப்படிச் சேர்த்துக்கொள்கிறது, சேர்ந்தவனுக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறது என்பதை இவரைப்போல் வாழ்நாள் முழுக்க யோசித்த வேறொருவரை நான் படித்ததில்லை. அதனால்தான்.

அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா கிராமத்துக் குருவானவர். பனையும் செம்மணலும் தவிர வேறு சொத்தில்லாத பக்கம். மெஞ்ஞானபுரத்தில் பள்ளிப் படிப்பு, திருநெல்வேலியில் கொஞ்ச காலம், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே கே.டி. பால் நண்பரானார். இறுதித் தேர்வு நேரத்தில் உடம்பு படுத்துவிட்டது. பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். (அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அது எல்லாருக்கும் நடக்காது.)

1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஆனார். தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராகச் சுற்றி இளைஞர்களைத் திரட்டும் வேலை. 1898இல் அன்பு மாரியம்மாளைக் கல்யாணம் செய்தார். வரதட்சணை கிடையாது. அந்த அம்மா அக்காலத்திலேயே கல்லூரியில் படித்தவர். தோர்ணக்கல் வேலையில் பாதி அவர் செய்ததுதான் என்று சொன்னால் மிகையில்லை.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் வெள்ளைக்காரர்களின் காசை எதிர்பார்க்காமல் தாங்களே பணம் போட்டு, தாங்களே ஆள் அனுப்பி, வேற்றூரில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பார்த்தவருக்கு உறுத்திவிட்டது. யாழ்ப்பாணத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய சபை திருநெல்வேலியில் இருக்கிறது. நூறு வருஷமாக வாங்கிக்கொண்டே இருக்கிறது. யாருக்கு என்ன கொடுத்தது? ஊர் திரும்பி நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நைஜாம் ராஜ்யத்தில், தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல் பகுதியை வேலைக்களமாக எடுத்துக்கொண்டார்கள். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் அகில இந்திய அளவில் தேசிய மிஷனரி சங்கமும் தொடங்கியது. அதிலும் இவரும் கே.டி. பாலும் முன்னணியில் இருந்தார்கள்.

சங்கம் ஆரம்பித்துப் பேசுவது ஒன்று, போவது வேறு. எல்லாரையும் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர் 1909இல் தானே குருவானவராக அபிஷேகம் பெற்று, ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, மனைவி மக்களோடு தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 35. அந்த வயதில் நம்மில் பலர் வீட்டு லோனுக்கு அலைந்துகொண்டிருப்போம். அவர் தெலுங்கு அரிச்சுவடியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாளில் அந்த மொழியிலேயே பாடம் நடத்தினார், வேத விளக்கங்கள் எழுதினார்.

மறு ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவராக எழுந்த அசரியா பேசியது பலருக்குப் பிடிக்கவில்லை. மிஷனரிகள் உழைத்ததையும் தியாகம் செய்ததையும் அவர் மறுக்கவில்லை, நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் இந்திய ஊழியரோடு அவர்களுக்குச் சிநேகிதம் இல்லையே என்றார். முதலாளிக்கும் வேலையாளுக்கும் உள்ள உறவாக அது நிற்கிறது, நீங்கள் எங்களுக்கு நண்பர்களாக வேண்டும் என்று கேட்டார். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பேச்சைத்தான் இன்றும் எடின்பரோ மாநாட்டோடு சேர்த்து நினைக்கிறார்கள்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் பட்டம். வெள்ளைக்காரக் குருமார் ஒரு இந்தியருக்குக் கீழ் வேலை செய்வார்களா என்று அவர்களிலேயே பலர் சந்தேகப்பட்டார்கள். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் பின்வாங்காமல் நின்று இதை நடத்திவைத்தார். முதலில் தோர்ணக்கல் பேராயம் சின்னதுதான். 1920ஐ ஒட்டி ஆந்திரத்தின் கடலோர மாவட்டங்களும் சேர்ந்து பெரிதானது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தோர்ணக்கல் சுற்றுவட்டாரத்தில் சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியார். ஊருக்கு வெளியே குடியிருப்பு, நிலம் கிடையாது, எழுத்து கிடையாது, பண்ணையாருக்குக் கடன். தனித்தனி ஆளாக வரவில்லை, சேரி சேரியாகக் குடும்பங்களோடு வந்தார்கள். இப்படிக் கூட்டமாக வருகிறவர்களை என்ன செய்வது? பெயரைப் பதிந்து, கோயிலில் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கிறிஸ்துமஸுக்குத் துணி கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருக்கலாம். அப்படி நடந்த இடங்களும் உண்டு.

அசரியா வேறு மாதிரி செய்தார். கிராமத்துக்கு ஒரு உபதேசியார், முடிந்தவரை மனைவியோடு, அந்தச் சேரியிலேயே குடியிருக்க வேண்டும். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பெரியவர்கள் கூலி வேலை முடிந்து வந்த பிறகு இரவில் விளக்கு வைத்துக் கதையும் பாட்டும் ஜெபமும். படிக்கத் தெரியாதவருக்கு எல்லாம் மனப்பாடம்தான். ஞானஸ்நானத்தில் அவசரம் காட்டவில்லை, மாதக்கணக்கில் தயார் செய்தார்கள். குடியை விடணும், சண்டையைத் தீர்த்துக்கொள்ளணும். இதெல்லாம் முடிந்த பிறகு பேராயர் மாட்டு வண்டியில் வந்து இறங்குவார்.

ஞானஸ்நானம் முடிந்ததும் அவர் செய்த ஒரு காரியம் பிரசித்தம். ஈரத் தலையோடு நிற்கிறவர்களைத் தம் கையைத் தம் தலையிலேயே வைக்கச் சொல்வார். தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதையும், கேட்ட செய்தியை அயலாருக்குச் சொல்லாமலிருந்தால் அது தனக்குக் கேடு என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பார். சொல்கிறவர் யார்? நேற்றுவரை ஊர்க் கிணற்றில் கைவைக்க முடியாதவர். எழுத்துக்கூட்டத் தெரியாதவர். அவர் இன்றைக்கு விருந்தாளி என்றால் இன்றைக்கே வீட்டுக்காரரும்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார் பேராயர்.

இது வெறும் சடங்காக நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு வாரம் சாட்சி வாரம் என்று ஒதுக்கினார்கள். அந்த வாரம் குருவானவர் மட்டுமல்ல, கூலிக்காரர், கிழவிகள், வாலிபர் என்று சபையார் கூட்டம் கூட்டமாகப் பக்கத்து ஊர்களுக்குப் போவார்கள். பிரசங்கம் எதுவும் தெரிய வேண்டாம், தனக்கு நடந்ததைச் சொன்னால் போதும். நிலம் வைத்திருந்த சாதியாரிலும் சிலர் 1930களில் சபைக்கு வரத் தொடங்கினார்கள். தங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள் குடியை விட்டு, சுத்தமாகி, பிள்ளைகளைப் படிக்க அனுப்பியதைப் பார்த்துத்தான் வந்தார்கள். மேலிருந்து கீழே போகும் என்று பலர் எதிர்பார்த்தது கீழிருந்து மேலே போனது.

காணிக்கை விஷயத்திலும் அவர் கறார். நம்ம ஊர்ப் பக்கம் கைப்பிடி அரிசி தெரியுமில்லையா? உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவது. அந்தப் பழக்கத்தை அங்கேயும் வளர்த்தார்கள். பணமில்லாதவர் தானியம், முட்டை, கோழி கொடுக்கலாம். ஏழைகளிடம் போய் வாங்கணுமா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. அவருடைய கணக்கு வேறு. வாங்கிக்கொண்டே இருக்கிறவனுக்கு எந்தச் சபையும் சொந்தமாகாது. கொடுத்த அன்றைக்குத்தான் அவனுக்கு அதில் உரிமை வரும். காணிக்கை பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

நான் முதலில் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் கிராமங்களுக்குத் தண்ணீர் மோட்டார் வைத்துக் கொடுக்கும் திட்டம் இருந்தது. திறப்பு விழாவுக்கு மாலை, மைக் எல்லாம் உண்டு. ஒரு வாஷர் தேய்ந்தால்கூட டவுனிலிருந்து ஆள் வரணும். உள்ளூரில் ஒருத்தருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு மழைக்காலம் போவதற்குள் பாதி மோட்டார் படுத்துவிட்டது. அசரியாவைப் பற்றிப் படித்தபோது அந்த மோட்டார்கள்தான் ஞாபகம் வந்தன.

1935 வாக்கில் அவருடைய பேராயத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2000க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம் எல்லாம் நடந்தன. குருமார் படிப்புக்கு வருகிறவர் மனைவியையும் கூட்டிவந்து இருவரும் பயிற்சி பெற வேண்டும். சபையாரின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

எண்ணிக்கை வளர வளரத் தலைவலியும் வளர்ந்தது. மாலாவுக்கும் மாதிகாவுக்கும் ஒத்துப்போகாது. ஒரு சாதி சேர்ந்த ஊரில் இன்னொரு சாதி வரத் தயங்கும். ஆளுக்கொரு கோயில் கட்டிக் கொடுத்திருந்தால் இரண்டு கூட்டமும் சுலபமாகப் பெருகியிருக்கும். அசரியா அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரே கோயில், ஒரே நற்கருணைப் பாத்திரம். எடின்பரோவில் வெள்ளைக்காரரிடம் கேட்டதை இங்கே தம் சபையாரிடமும் கேட்டார். முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல முடியாது. கோயிலுக்குள் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் பெண் கொடுக்கல் வாங்கலில் பழைய கோட்டைத் தாண்டவில்லை. திருநெல்வேலிச் சபைகளிலும் அது இன்றைக்குவரை இருக்கிற கதைதான். அசனத்துக்கு ஒரே பந்தியில் சாப்பிடுவோம், சம்பந்தம் என்றால் விசாரிப்போம்.

வெளியிலிருந்தும் அடி வந்தது. கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஹரிஜன் இதழில் கடுமையாக விமர்சித்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் புரிந்துகொண்டுதான் மாறுகிறார்களா என்பது அவருடைய கேள்வி. அசரியாவுக்கு அது, அந்த ஏழைகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கிற மூளை இல்லை என்று சொல்வதுபோல் பட்டது. காந்தியின் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளவும் எனக்கு மனசில்லை. ஆனால் அந்த இரவுப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் படித்த பிறகு என் மனசு அசரியா பக்கம்தான் சாய்கிறது. இதே மனிதர் 1932இல் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுக்கப்பட்டபோது அதை எதிர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலி போட்டுக்கொண்ட சமூகத்தில் புதுசாக யார் வந்து சேருவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

1935இல் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்த பிறகு, அவரும் அசரியாவும் சந்தித்ததாக ஒரு செய்தி திருச்சபை வட்டாரத்தில் சொல்லப்படுவதுண்டு. எங்கள் மக்கள் உங்களிடம் வந்தால் எல்லா ஊரிலும் ஒரே சபையாக இருக்க முடியுமா, சாதி அறவே இருக்காதா என்று அம்பேத்கர் கேட்டாராம். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்ல முடியாமல் பேராயர் தலைகுனிந்தார் என்பார்கள்.

முதல் கேள்விக்கான வேலையை அவர் முன்பே தொடங்கியிருந்தார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எப்போதோ நடந்த சண்டைகளுக்காக நம்மூர்ச் சபைகள் ஏன் பிரிந்து கிடக்க வேண்டும் என்று கேட்டு, ஒன்றுசேர அழைப்பு விடுத்தார்கள். முன்னின்று நடத்தியவர் அசரியா. பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுத்தது. 1939 ஜனவரி 6 அன்று தோர்ணக்கல்லில் பேராலயம் பிரதிஷ்டையானது. குவிமாடம், மினார், கோயில் தூண் எல்லாம் கலந்த கட்டடம். உள்ளே வருகிற தெலுங்குக் கூலிக்காரருக்கு அது சீமைக் கோயிலாகத் தெரியக்கூடாது என்பது அவர் எண்ணம். கட்டி முடிக்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின. அந்த ஆசை நிறைவேறியது, மற்ற ஆசை நிறைவேறுவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. தோர்ணக்கல் அதன் பேராயங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. ஆனால் அவர் பேராயத்துக்குள் இருந்த நந்தியால் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சேர மறுத்து வெளியே நின்றார்கள். அந்தப் பிணக்கு தீரப் பல ஆண்டுகள் பிடித்தன.