வலியின் மடை அடைத்தவர்

பல்லைப் பிடுங்க வேண்டும் என்றதும் நடுங்காதவர் முற்காலத்தில் அரியர். 1840களில் நைட்ரஸ் ஆக்சைடும் ஈதரும் மருத்துவத்தில் இடம்பெற்றன. எனினும், அவை நோயாளியின் நினைவையே இழக்கச் செய்தன. ஒரு பல்லின் நோவைத் தவிர்க்க, ஓர் ஆளையே உறங்கவைக்க வேண்டியிருந்தது. விழித்திருப்பவரின் தாடையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழியைக் கண்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அதற்காக அவர் கொடுத்த விலை பெரிது.

இளமை

ஹால்ஸ்டெட் 1852ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். யேல் கல்லூரியில் படித்த நாளில் நூல்களைவிட விளையாட்டிலேயே மிகுந்த நாட்டம் கொண்டிருந்தார். பின்னர் மருத்துவம் பயின்று 1877இல் பட்டம் பெற்றார். ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஈராண்டுகள் பயிற்சி பெற்றுத் திரும்பி, துணிவும் விரைவும் மிக்க அறுவை மருத்துவராகப் புகழடைந்தார்.

கண்டுபிடிப்பு

1884இல் கோகைன் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்பதை வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோல்லர் கண்டறிந்தார். அச்செய்தி ஹால்ஸ்டெட்டின் சிந்தனையைத் தூண்டியது. தலைமடையை அடைத்தால் கடைமடைக்கு நீர் செல்வதில்லை. அதுபோல நரம்பின் தொடக்கத்தில் மருந்தைச் செலுத்தினால், அந்நரம்பு பரவும் பகுதி முழுவதும் உணர்விழக்கும் என அவர் கருதினார். கீழ்த்தாடை எலும்பினுள் பல் நரம்பு நுழையும் இடத்தருகே, மருத்துவ மாணவர் ஒருவருக்கு ஊசி வழியே மருந்தைச் செலுத்தினார். சில நிமிடங்களில் அப்பக்கத்துப் பற்களும் ஈறும் நாவின் பாதியும் மரத்துப்போயின. மாணவரோ முழு நினைவுடன் இருந்தார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

ஹால்ஸ்டெட்டும் அவர்தம் நண்பர்களும் மருந்தின் அளவை அறியத் தம் உடலிலேயே அதனைச் செலுத்திக்கொண்டனர். கோகைன் மனிதரை அடிமைப்படுத்தும் என்பதை மருத்துவ உலகம் அன்று தெளிவாக உணரவில்லை. உடன் ஆய்ந்தோர் சிலரின் வாழ்வு சிதைந்தது. ஹால்ஸ்டெட்டும் பணியை இழந்து, 1886இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் மார்பினுக்கும் அடிமையானார். அப்பிணி இறுதிவரை அவரை விட்டு முழுமையாக நீங்கவில்லை.

இந்நிலையில், வில்லியம் வெல்ச் என்னும் நண்பர் அவரைப் பால்டிமோர் நகருக்கு அழைத்து, ஆய்வகத்தில் பணியாற்ற இடமளித்தார். 1889இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் தம் வாழ்வை மீண்டும் கட்டியெழுப்பினார். முன்பு விரைவால் பெயர் பெற்றவர் இப்போது பொறுமையால் பெயர் பெற்றார். திசுக்களை மென்மையாகக் கையாள்வதையும் குருதி இழப்பைத் தடுப்பதையும் மாணவர்க்குக் கற்பித்தார். கிருமிநீக்கி மருந்தால் கைகள் புண்பட்ட செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். 1890இல் அவரையே மணந்தார். அக்கையுறைகள் நாளடைவில் அறுவை அரங்குகளில் நிலைபெற்றன.

நிலைத்த பயன்

தீங்கு விளைத்த கோகைனுக்கு மாற்றாக 1905இல் புரோக்கைன் பயன்பாட்டுக்கு வந்தது. 1943இல் லிடோக்கைன் உருவாக்கப்பட்டது. மருந்துகள் மாறினும் ஹால்ஸ்டெட் வகுத்த முறை மாறவில்லை. இன்று பல் மருத்துவர் முதலில் ஈற்றின்மீது மரப்புக் களிம்பைத் தடவுகிறார். கன்னத்தை இழுத்துப் பிடித்து நுண்ணிய ஊசியைச் செலுத்துகிறார். விரைந்து செலுத்தினால் திசு விரிந்து வலிக்கும் என்பதால், மருந்தை மெல்லமெல்லச் செலுத்துகிறார்.

1922ஆம் ஆண்டு பல் மருத்துவர்கள் ஹால்ஸ்டெட்டின் பணியைப் போற்றிச் சிறப்பித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் அவர் மறைந்தார். மார்பினோடு அவர் நடத்திய போராட்டம் 1969இல்தான் உலகிற்கு வெளிப்பட்டது. கற்றறிந்த மருத்துவரையே போதைப்பொருள் பிணித்தது என்பது அவர் வாழ்வு தரும் எச்சரிக்கை. வீழ்ந்தவருக்கு ஒரு நண்பர் கைகொடுத்தால், அவரால் உலகம் பயன்பெறும் என்பதும் அவ்வாழ்வு உணர்த்தும் உண்மையே.