மினு மசானி: எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்

ஒரு நிறுவனம் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பதை மக்களுக்கு உள்ளபடி விளக்குவதும், மக்களின் மனக்குறையை நிறுவனத்தாரின் செவிக்குக் கொண்டு செல்வதும் மக்கள் தொடர்புத் துறையின் பணியாகும். நம் நாட்டில் இத்துறை வேரூன்றத் தொடங்கிய நாளில் அதில் உழைத்தவர் மினு மசானி. அவர் பிறந்தது நெடுந்தொலைவில் உள்ள பம்பாயில். ஆயினும் நமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். நம் பொம்மிடியும் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த மூதறிஞர் இராஜாஜிக்கு அரசியலில் வலக்கரமாக நின்றவர் அவர்.

1905 நவம்பர் 20 அன்று ஒரு பார்சிக் குடும்பத்தில் மசானி பிறந்தார். தந்தையார் சர் ருஸ்தம் மசானி பம்பாய் மாநகராட்சி ஆணையராகவும், பின்னர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர். மகன் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் கற்றுப் பாரிஸ்டராகத் திரும்பினார். வக்கீல் தொழிலில் பொருள் சேர்த்துச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ சட்ட மறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். நாசிக் சிறையில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முதலிய நண்பர்கள் வாய்த்தனர். 1934 இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் மசானியும் ஒருவர். ஆனால் ஸ்டாலின் ஆட்சியில் ருஷ்யாவில் நடந்தவற்றை அறிய அறிய அவர் மனம் கசந்தது. 1939 இல் கட்சியை விட்டு விலகினார். கொள்கை மாறியவர் என்று பலர் ஏசினர். கண்டதைக் கண்டபடி ஒப்புக்கொண்டார் என்பதே என் எண்ணம்.

மாணவிகளாகிய நீங்கள் அவசியம் அறிய வேண்டியது அவர் 1940 இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘நம் இந்தியா’ என்னும் நூலை. நாட்டின் மண், நீர், பயிர், தொழில், மக்கள்தொகை ஆகிய வறண்ட கணக்குகளையெல்லாம் படங்களோடு, சிறுவர்களோடு பேசுவதுபோல் விளக்கிய நூல் அது. பல பள்ளிகளில் அதைப் பாடமாகவும் படித்தார்கள். கடினமானதை எளிதாக்கும் அந்தக் கை வன்மையே அவருடைய பிழைப்பும் ஆயிற்று.

1941 இல் அவர் டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தார். 1943 இல் அந்நிறுவனம் மக்கள் தொடர்புக்கென்று தனித் துறை ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் இத்தகைய ஏற்பாடு அப்போது புதிது. அதன் பொறுப்பை மசானி ஏற்றார். அதே ஆண்டில் பம்பாய் நகர மேயராகவும் ஆனார். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். அங்கு அடிப்படை உரிமைகளை வகுத்த துணைக்குழுவில், எல்லா மதத்தாருக்கும் ஒரே உரிமையியல் சட்டம் வேண்டும் என்று ஹன்சா மேத்தா, இராஜகுமாரி அம்ருத் கௌர் ஆகிய பெண்மணிகளோடு சேர்ந்து மாற்றுக் கருத்து எழுதினார். அது சரியா, தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1948 இல் பிரேசில் நாட்டுக்குத் தூதராகச் சென்றார்.

1957 இல் இராஞ்சிப் பகுதியில் ஜார்க்கண்ட் கட்சியின் ஆதரவோடு நின்று மக்களவைக்கு வந்தார். 1959 ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. இராஜாஜி அதன் ஆசான், என். ஜி. ரங்கா தலைவர், மசானி பொதுச் செயலாளர். தொழிலுக்கும் வாணிபத்துக்கும் அரசாங்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற கட்டுகளைத் தளர்த்துவதே கட்சியின் நோக்கம். அறிக்கைகள், துண்டு நூல்கள், புள்ளி விவரங்கள் என்று மசானி ஓயாது எழுதினார். 1962 தேர்தலில் கட்சிக்கு 18 இடங்கள் கிடைத்தன. கட்சியைக் கட்டி வளர்த்த மசானிக்கோ மக்களவையில் இடம் இல்லை! மறு ஆண்டு இராஜ்கோட் இடைத்தேர்தலில்தான் வென்று உள்ளே வந்தார். 1967 இல் கட்சி 44 இடங்களோடு மிகப் பெரிய எதிர்க்கட்சி ஆயிற்று. பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சியிலிருந்து வந்த முதல் தலைவர் என்ற பெருமையும் மசானிக்குக் கிட்டியது.

பிறகு வந்தது 1971. எதிர்க்கட்சிகள் நான்கு கூடி, இந்திரா காந்தியை விலக்குங்கள் என்று முழங்கின. இந்திராவோ, வறுமையை விலக்குவோம் என்றார். எந்த வாசகம் ஏழையின் காதில் இனிக்கும்? சொல்லின் வலிமையை நன்கறிந்த மசானியின் அணி சொல்லாலேயே தோற்றது. நீண்ட வாதங்களைப் படித்து வாக்களிப்போர் எத்தனை பேர்? இராஜ்கோட்டில் மசானியை கன்ஷியாம் ஓஜா தோற்கடித்தார். கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. தோல்விக்குப் பொறுப்பேற்று மசானி தலைவர் பதவியை விட்டு விலகினார். பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

ஆயினும் அவர் பேனா ஓய்வு கொள்ளவில்லை. 1952 இல் தாம் தொடங்கிய ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ என்ற இதழை விடாமல் நடத்தினார். நெருக்கடி நிலையின்போது, 1975 இல், தணிக்கை அதிகாரி அவ்விதழின் கட்டுரைகள் சிலவற்றைத் தடுத்தார். பெரிய பத்திரிகைகள் பல அடங்கிப்போன அந்நாளில், எழுபது வயதான மசானி பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடினார். 1976 இல் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. சட்டத்தின் எல்லைக்குள் நின்று அரசைக் குறை கூறுவதைத் தணிக்கையைக் காட்டித் தடுக்க முடியாது என்று நீதிபதிகள் விளக்கினர். தேர்தலில் வென்ற நாட்களைக் காட்டிலும் இந்த வழக்கு நாளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1978 இல் சிறுபான்மையினர் ஆணையத்தின் முதல் தலைவராக நியமிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே விலகினார். 1998 மே 27 அன்று, தொண்ணூற்றிரண்டாம் வயதில், பம்பாயிலேயே காலமானார்.